வீட்டில் யாருக்காவது இருந்ததா?

செவிலியர் தினத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறோம், மனநிறைவு தந்த அனுபவம் ஒன்றை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு, சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பிள்ளைகள் செம்மண்டலத்துக்கு என் வீடு தேடி வந்தார்கள். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்கள். காபி குடித்துக்கொண்டே புதுச் செய்தி ஒன்றும் சொன்னார்கள்.

"இப்பல்லாம் அந்தக் கேள்விய நாங்க கேக்கறதே இல்லக்கா. பேஷண்ட் கையில டச் ஸ்க்ரீன் டேப்லெட்டக் குடுத்துடறோம். அவுங்களே டிக் அடிச்சிக்கறாங்க. நீங்கதான் மொதமொதல்ல இதையெல்லாம் ஒக்காந்து கேட்டீங்களாமே? அதப் பத்தியே எழுதுங்களேன், ஜாலியா."

எழுதுகிறேன். ஜாலியாக இருக்காது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆளைத் தேடாதீர்கள். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

படித்தது, பயிற்சி எடுத்தது எல்லாம் எல்லா நர்ஸுக்கும் உள்ள கதைதான். கடலூர் முதுநகரில் பிறந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். செம்மண்டலத்தில் வாழ்க்கைப்பட்டேன். தினமும் செம்மங்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று சிதம்பரம் பஸ்ஸில் போய்வந்தே முதுகெலும்பு தேய்ந்தது. பிரசவ அறை, ஆபரேஷன் தியேட்டர், ஐ.சி.யூ. என்று சுற்றிவிட்டு, கடைசியில் குடல் நோய்ப் பிரிவில் மருந்தேற்றும் அறைக்குப் பொறுப்பாக வந்தேன். சாய்ந்து படுக்கும் நாற்காலி நான்கு, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கழிப்பறை. அந்தக் கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டவைத்தவர் எங்கள் தலைமை மருத்துவர்.

டாக்டரம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். சென்னைக்காரர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது தப்புச் செய்தால் திட்டமாட்டார், கேஸ் ஷீட்டை மூடித் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார், அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு நிற்பதற்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். நோயாளிகளும் அவரிடம் நடுங்குவார்கள். காரம் சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டால், ஊறுகாய்ப் பாட்டில் பைக்குள்ளேயே இருக்கும், "சேச்சே" என்பார்கள். அவர் முன்னால் எல்லோரும் நல்ல பிள்ளைகள்.

நாங்கள் பார்த்த நோய்க்கு குரோன்ஸ் என்று பெயர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே குடலைக் கடிக்க ஆரம்பித்துவிடும். புண், வலி, இரத்தம், நாளெல்லாம் கக்கூஸ். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்து ஒன்று உண்டு. அது அந்தச் சக்தியை அடக்கும், குடல் ஆறும். ஆனால் நம் நாட்டில் பாதிப் பேர் உடம்பில் டிபி கிருமி ஏதோ ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தூங்கவைத்திருப்பதும் இதே சக்திதான். காவலாளியை அடக்கினால் திருடன் எழுந்துகொள்வான். அதனால் முதல் பாட்டில் ஏற்றும் முன் எக்ஸ்ரே, கையில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்வோம். டிபி பதுங்கியிருக்கிறது என்று தெரிந்தால் முதலில் அதற்கு மாத்திரை, பிறகுதான் இது.

ஸ்டீராய்டு தின்று தின்று வந்தவர்களிடம் இந்தப் பரிசோதனைகள் பொய் சொல்லும். கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். அப்போது மிச்சம் இருப்பது ஒரு கேள்விதான்: வீட்டில் யாருக்காவது இருந்ததா?

டாக்டரம்மா ஒருநாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "என்கிட்ட யாரும் உண்மையச் சொல்ல மாட்டாங்க சிஸ்டர். நீங்க இந்த ஊர். நீங்க கேளுங்க. ஆமா, இல்லன்னு பதில் வாங்கிட்டு வராதீங்க. யாரு, எப்ப, எந்த ரூம்ல படுத்திருந்தாங்க, அது வேணும் எனக்கு."

அதற்கு அவரே ஒரு பெயரும் வைத்தார், ஊர்க் கேள்வி என்று.

நான் அதை எப்படிக் கேட்பேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கூட வந்தவர்களை வெந்நீர் வாங்கிவர, பில் போட, எதையாவது சொல்லி வெளியே அனுப்பிவிடுவேன். கையைப் பிடித்து நரம்பு தேடுகிற சாக்கில் பேச்சை ஆரம்பிப்பேன். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை. நம்ம பக்கத்தில் மூன்று பேரை விசாரித்தால் நாலாவது ஆள் தெரிந்தவராகத்தானே இருப்பார்? "அட, நீ அவுங்க மருமவளா?" என்றதும் ஆள் இளகிவிடுவார். பிறகு மெதுவாகக் கேட்பேன். பண்ருட்டிக்காரர் ஒருவர், பெண்டாட்டிக்கே தெரியாமல் டிபி மாத்திரை தின்று முடித்தவர், என்னிடம் சொல்லி அழுதார். அவருக்கு மருந்தைத் தள்ளிப்போட்டோம். டாக்டரம்மா அன்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவரிடமிருந்து அதுவே பத்மஸ்ரீ.

கலைவாணி வந்தது அதற்குப் பிறகு.

அவள் எங்கள் தெரு மருமகள். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருந்த தனலட்சுமியின் மகனைக் கட்டிக்கொண்டு காடாம்புலியூரிலிருந்து வந்தவள். கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். வந்த வருஷமே வயிற்றுக்கோளாறு. அல்சர் என்றார்கள், சூடு என்றார்கள், ஏவல் என்றுகூட ஒருவர் சொன்னார். நோய் அதிகமானால் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், கொஞ்சம் தேறியதும் திரும்புவாள். கடைசியில் நான்தான் தனலட்சுமியிடம் சொல்லி அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன்.

இருபத்தைந்து வயதுப் பெண், முப்பத்தைந்து கிலோகூட இல்லை. ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. "பண்ருட்டிலேருந்து கடலூர் வரைக்கும் எந்தப் பெட்ரோல் பங்க்ல கக்கூஸ் பூட்டாம இருக்கும்னு கேளுங்க, கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். எந்த யூனிவர்சிட்டிலயாவது இதுக்குப் பட்டம் குடுத்தா எனக்குத்தான்க்கா" என்பாள். சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

தனலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமியார் என்றதும் நீங்கள் ஒரு முகத்தை நினைத்துக்கொள்வீர்கள், அது வேண்டாம். மருமகளுக்குக் கஞ்சி வடித்து, துணி துவைத்து, கக்கூஸ் வாசலில் சொம்போடு நின்றவள் அவள். முதல் பாட்டிலுக்கு நாள் குறித்தபோது, "ராகு காலம் தாண்டிப் போடுங்க சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். "கலக்கறதுக்கு முன்னாடி சொல்லிடச் சொல்லுங்க. கலந்துட்டா ராகுவும் இல்ல, கேதுவும் இல்ல" என்றார்.

அதற்கு முன்பே ஊர்க் கேள்வி முடிந்திருந்தது. தனலட்சுமியிடம் தனியாகக் கேட்டேன். "எங்க வூட்லயா? சாமி சத்தியமா இல்ல சிஸ்டர்" என்றாள். அவளை வெந்நீருக்கு அனுப்பிவிட்டுக் கலைவாணியிடம் உட்கார்ந்தேன்.

"கலா, உங்க அம்மா வூட்ல யாருக்காவது டிபி வந்துதா? ரொம்ப நாள் இருமல், ஆறு மாசம் மாத்திர, அந்த மாதிரி?"

"இல்லக்கா."

"அப்பா இருமுவாரே, கல்யாணத்துல பாத்தனே."

"அது வீசிங்க்கா. முந்திரி வறுக்கற பொகை அவருக்கு ஆவாது."

"நெசமாத்தான?"

"உங்ககிட்ட பொய் சொல்லுவனாக்கா?"

இல்லை என்று எழுதினேன். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு தின்றவள்தான் அவளும், கையில் ஊசி போட்ட இடம் தடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையும் இல்லை என்றது. டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார், யாரு, எப்ப, எந்த ரூம்.

"யாருக்கும் இல்ல டாக்டர். எனக்கு நல்லாத் தெரிஞ்ச குடும்பம்."

"தெரிஞ்ச குடும்பமா?" என்று பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அந்த மருந்தைக் கலப்பது சோறு வடிப்பது மாதிரி அவசர வேலை இல்லை. குப்பிக்குள் வெள்ளைத் தூள் கட்டியாக இருக்கும். சுத்திகரித்த தண்ணீரைக் குப்பியின் உள்சுவரில் வழியவிட வேண்டும், தூளின் தலையில் பீய்ச்சக் கூடாது. குலுக்கவே கூடாது, நுரைத்தால் மருந்து கெட்டது. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டிவிட்டு, தானே தெளியும்வரை தொடாமல் காத்திருக்க வேண்டும். பிறகு சலைன் பாட்டிலில் அதே அளவு சலைனை வெளியே எடுத்துவிட்டு இதைச் சேர்ப்போம். வடிகட்டி வைத்த தனி டியூப். ஏற்றும் முன் ஒவ்வாமை வராமலிருக்க ஓர் ஊசி. ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாக, நெஞ்சு இறுக்குகிறதா, அரிக்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டுவோம். இரண்டு மணி நேரம் ஓடும். முடிந்தபின்னும் உடனே அனுப்பமாட்டோம். இதில் எதிலும் நான் ஒரு குறை வைத்ததில்லை. கலைவாணிக்கும் வைக்கவில்லை.

இரண்டாவது பாட்டிலுக்கு வந்தபோது அவள் முகமே மாறியிருந்தது. மூன்றாவதுக்கு வந்தபோது கையில் சதை பிடித்து, கழற்றி வைத்திருந்த வளையலெல்லாம் ஏறியிருந்தது.

"அக்கா, பலாச்சொள தின்னேன்! நாலு சொள! ஒண்ணும் ஆவல. பஸ்ல ஜன்னலோர சீட்டுல ஒக்காந்து வந்தேன். எப்பவும் எறங்கற வாசப்படிகிட்டதான் ஒக்காருவேன் இல்ல?"

தனலட்சுமி அன்று அறையில் இருந்த எல்லோருக்கும், எனக்கும் கேண்டீன் பையனுக்கும்கூட, முந்திரிக் கேக் கொடுத்தாள். நோயைப் பார்த்தே கிழடு தட்டிய எனக்கு வேலை பார்த்ததற்கு அர்த்தம் இருந்தது என்று தோன்றிய நாள் அது. மலருக்குக் கேட்ட மனநிறைவு வேண்டுமானால் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாலாவது பாட்டிலுக்கு வந்தவளைத் தொட்டதும் கை சுட்டது. சாயங்காலமானால் கொஞ்சம் காய்ச்சல், ஒரு மாதமாக, என்றாள். சொன்னால் மருந்தைத் தள்ளிப்போடுவார்கள் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். டாக்டரம்மா பாட்டிலைத் தொடவிடவில்லை. அன்றே எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு நுரையீரலிலும் ரவையைத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள். அந்தப் படத்தைப் படிக்க யாரும் டாக்டர் ஆகியிருக்க வேண்டியதில்லை.

சேதி கேட்டு அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வராந்தாவில் வைத்து டாக்டரம்மா நேராகவே கேட்டார். "உங்க வீட்ல யாருக்கு டிபி இருந்துச்சு?"

அம்மா, "அதெல்லாம் யாருக்கும்..." என்று ஆரம்பித்தார். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றவர், துண்டை எடுத்தார்.

"எனக்குத்தாங்க. போன வருசம் மாத்திர முடிச்சேன். நல்லாயிட்டேன்னு சொல்லிட்டாங்க."

"இந்தப் பொண்ணு அப்ப எங்க இருந்தா?"

"எங்க வூட்லதாங்க. வயித்துவலி ஜாஸ்தியாயி வந்து கெடந்துது. ஒரே கூடம். நான் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்."

யாரு, எப்ப, எந்த ரூம். மூன்றுக்கும் பதில் வந்துவிட்டது. டாக்டரம்மா கேஸ் ஷீட்டை மூடினார். என் கையில் கொடுக்கவில்லை, தன்னோடு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சாகக்கிடக்கிற பெண்ணிடம் ஆத்திரப்பட்டேன், ஆமாம்.

"ஏண்டி சொல்லல? தனியாத்தான கேட்டேன்? உன் மாமியார வெளிய அனுப்பிட்டுத்தான கேட்டேன்?"

"கயலுக்கு மாப்ள பாக்கறாங்கக்கா" என்றாள். கயல் அவளுடைய தங்கை. "டிபி வூடுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? எங்க அத்தைக்கும் தெரியாது. ஆஸ்துமான்னுதான் சொல்லி வச்சிருக்கோம்."

"நான் உன் அத்தைகிட்ட சொல்லிடுவேன்னு நெனச்சியா?"

"நீங்க சொல்ல மாட்டீங்கக்கா. எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ஆனா தெனம் உங்க வூட்டத் தாண்டித்தான கடைக்குப் போறேன்? நீங்க வாசல்ல நிக்கறப்பலாம், இவுங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தோணிக்கிட்டே இருக்குமில்ல? டாக்டரம்மா கேட்டிருந்தா சொல்லியிருப்பனோ என்னவோ. அவுங்க யாரோ எவரோ. நீங்க எங்க தெருக்கா."

நான் எந்த வித்தையை வைத்துக்கொண்டு அத்தனை நாள் தலை நிமிர்ந்து நடந்தேனோ, அந்த வித்தைதான் அவள் வாயைக் கட்டியது. தெரிந்தவள் என்பதால் சொல்வார்கள் என்று நினைத்தேன். தெரிந்தவள் என்பதாலேயே சொல்லவில்லை. நான் விதிப்படி கேட்டேன், விதிப்படி எழுதினேன், எவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. அது ஒன்றும் பெரிய ஆறுதல் இல்லை.

டிபிக்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். குடலுக்குக் கொடுத்த மருந்தை நிறுத்தியதும் குடல் புண் பழையபடி கிளம்பியது. கிருமி மூளைக்கு ஏறியது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்து செத்துப்போனாள். கடைசியாக ஒருமுறை போய்ப் பார்த்தேன். கக்கூஸ் போக வேண்டும் என்று மட்டும் கையால் காட்டிக்கொண்டே இருந்தாள்.

கருமாதி முடிந்து தனலட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நாம் பொண்ணெடுத்த இடத்தில் இப்படி ஏமாற்றிவிட்டார்களே என்று கத்துவாள், நானும் சேர்ந்து கத்தலாம் என்றுகூட இருந்தது. அவள் கத்தவில்லை. சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சிஸ்டர், எங்க வூட்டுக்காரருக்கும் இருந்துது."

"என்னது?"

"டிபிதான். எம்புள்ள கைக்கொழந்தையா இருக்கறப்ப. நெய்வேலில போயி மருந்து சாப்ட்டாரு, இங்க யாருக்கும் தெரியக்கூடாதுன்னு. நீங்க கேட்டப்ப எனக்குத் தொண்ட வரைக்கும் வந்துது. சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு முழுங்கிட்டேன். அந்தப் பொண்ணு வாயத் தொறந்து எங்கப்பாவுக்கு இருந்துதுன்னு சொல்லியிருந்தா, அதனால என்னாடி, இவருக்கும் இருந்துதுன்னு சொல்லியிருப்பனே சிஸ்டர். அவ்வளவுதான சிஸ்டர்? அவ்வளவுதான?"

எனக்கு அழுகை வரவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து வீச வேண்டும்போல இருந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே வியாதி. ஒருத்திக்குப் பயந்து மற்றவள் மறைத்தாள். அதன் நடுவில் முழுப் பூசணிக்காயைப் போல ஒரு பெண்ணைச் சோற்றில் போட்டு மூடிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். எங்கள் ஊரில் மூடி தேவையில்லை, அவரவர் வாயை அவரவரே மூடிக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா என்னை அழைத்தார். கோட்டயத்திலிருந்து வந்த புது நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்றாள். தமிழ் தத்தித் தத்தித்தான் வரும்.

"இனிமே இவங்க கேக்கட்டும் சிஸ்டர்."

"இவளுக்குப் பாதி வார்த்த புரியாதே டாக்டர்."

"அதனாலதான்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண்ணிடம் முதல் மாதத்திலேயே மூன்று பேர், அப்பாவுக்கு, அண்ணனுக்கு, தனக்கே என்று சொன்னார்கள். அதிலே ஒருவர் என்னிடம் முன்பு இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தவர். டாக்டரம்மா செய்தது சரி. அது சரி என்பதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இப்போது கேட்கிறவளும் இல்லாமல் கண்ணாடிப் பலகையில் டிக் அடிக்கிறார்களாம். அதனிடம் என்ன சொல்கிறார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

ஓய்வு பெற்ற பிறகு கயல் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அக்கா போனதுமே அவளுக்கு எக்ஸ்ரேயும் மற்றப் பரிசோதனைகளும் எடுக்க நான்தான் கூட நின்றேன், ஒன்றும் இல்லை. பண்ருட்டியில் மண்டபம். போகக்கூடாது என்று நினைத்தேன், போனேன். பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் ஒரு அம்மாள், மாப்பிள்ளைக்குப் பெரியம்மா முறை, பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டு ஆள். நான் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஓ, நீங்க நர்ஸா? அந்தப் பொண்ணுக்கு நீங்கதான் பாத்தீங்களாமே." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பொண்ணோட அக்கா எதுலதாம்மா செத்துது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இவுங்க வூட்ல யாருக்காவது ஏதாவது இருந்துதா?"

எதிர் வரிசையில் பரிமாறுகிறவர்களை ஏவிக்கொண்டு நின்ற கலைவாணியின் அம்மா அப்படியே நின்றுவிட்டார். காதில் விழுந்ததோ, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாரோ, தெரியவில்லை. மேடையில் கயல் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். கலைவாணியின் சிரிப்பேதான்.

நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. விதி கிடக்கட்டும். விதி இல்லாவிட்டாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கொடல்ல புண்ணு. தொத்து வியாதி கெடையாது."

"அப்பாடா" என்று அந்த அம்மாள் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். கலைவாணியின் அம்மா பாயசத் தூக்கோடு தானே வந்து, வேண்டாம் வேண்டாம் என்று நான் கையை நீட்டி மறைத்தும் கேட்காமல், என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார். ஒரு சொட்டு விடாமல் வழித்துக் குடித்தேன்.